நான் சுருக்கிப் படித்த கடிதம்

ஒரு மாதமாக இந்தப் பக்கத்தில் வெயிலைப் பற்றியும் பஸ் நெரிசலைப் பற்றியும் பேசி உங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பேச வேண்டிய விஷயம் வேறு. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

எங்கள் இல்லத்தில் ஒரு பிரிவுபசார விழா நடந்தது.

எங்கள் இல்லம் என்றால்... பழைய வாசகர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்காகச் சொல்கிறேன். கண் பார்வை இல்லாத பிள்ளைகளுக்காகத் திருப்பதியில் சில பெரிய மனிதர்கள் கமிட்டி போட்டு நடத்தும் இல்லம். பதினாறு பிள்ளைகள். பாதி தமிழ், பாதி தெலுங்கு. நான் அங்கே குமாஸ்தா. கடிதம் எழுதுவது, ரிஜிஸ்தர் போடுவது, ரிப்போர்ட் டைப் அடிப்பது எல்லாம் என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அந்தப் பெருமை எனக்கு உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

பிரிந்து போகிறவர் கன்னியம்மா டீச்சர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் எனக்கு அக்கா. பிறந்ததிலிருந்தே அவருக்குப் பார்வை கிடையாது. சென்னையில் தங்கி, விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தைக் கற்றுக்கொண்டு வந்தவர். ஆறு வருஷமாக எங்கள் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம்.

ஏன் போகிறார்? எல்லைதான் காரணம்.

ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் நடுவே வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது உங்களுக்கே தெரியும். திருத்தணியும் பள்ளிப்பட்டும் அந்தப் பக்கம் போயின. சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. என் சொந்த ஊரான நகரி எப்போதும்போல ஆந்திராவிலேயே. கோடு போட்டு முடித்த கையோடு எங்கள் கமிட்டியும் கூடியது. சில நாளில் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷில்.

அதைப் படித்துச் சொன்னவள் நான்.

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். ஆறாம் கிளாஸிலிருந்தே அப்படித்தான். "குடு, எம் பொண்ணு படிச்சி சொல்லிடும்" என்று நைனாவே வாங்கிக்கொண்டு வருவார். நான் முதலில் மனசுக்குள் முழுவதும் படிப்பேன். பிறகு சாரத்தை மட்டும் சொல்வேன். "உங்க மவன் சௌக்கியமாம். பொங்கலுக்கு வர்றது கஷ்டமாம்." நடுவில் மருமகள் அடுக்கியிருக்கும் புகார்களை விட்டுவிடுவேன். ஒரு சண்டை மிச்சம் அல்லவா? தெருவே என்னை மெச்சியது.

அக்காவின் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். ஒரு பக்கக் கடிதம். நான் சொன்னது இவ்வளவுதான். "எல்லை பிரிச்சிட்டதால உங்களுக்கு இங்க வேலை இல்லியாம்க்கா. மாசக் கடைசியோட நின்னுக்கணுமாம். ரொம்ப மரியாதையாத்தான் எழுதிக்கீறாங்க."

அக்கா கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார்.

"ஊரு அந்தப் பக்கம் பூடுச்சி. ஆளும் போவணும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான்க்கா."

அந்தப் பக்கம் அவருக்கு என்ன இருக்கிறது? அண்ணன் வீடு இருக்கிறது. வேலை இல்லை. "அடுப்பண்ட போனா சுட்டுக்குவேன்னு அண்ணி நவுர சொல்லும். கெணத்தண்ட போனா வுழுந்துடுவேன்னு நவுர சொல்லும். ஒரு மூலைய பாத்து குடுப்பாங்க. துன்னுட்டு குந்திகினு இருக்கணும்" என்றார். சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். பதினாறு பிள்ளைகளை ஒரு சத்தத்தில் அடக்குகிற மனுஷிக்கு ஒரு மூலை.

சரி, மனசு ஆறுகிற மாதிரி விழாவாவது நன்றாகச் செய்ய வேண்டாமா? நானே முன்னால் நின்றேன். சனிக்கிழமை மத்தியானம். சந்தனம், மாலை, கேசரி, காராபூந்தி. செக்ரட்டரி காரு வந்தார்; சித்தூரில் பெரிய வக்கீல், தெலுங்குக்காரர். பிள்ளைகள் வரிசையாகப் பாயில். கடைசி பெஞ்சில் அக்காவின் அண்ணன், தங்கையின் டிரங்குப் பெட்டியோடு.

பிரிவுபசாரம் என்றால் வாழ்த்து மடல் இல்லாமலா? இரண்டு நாள் உட்கார்ந்து எதுகை மோனையோடு எழுதினேன். மஞ்சள் காகிதத்தில் ஊதா மையில் அச்சடித்து, ஓரத்தில் பூக்கொடி போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி... சித்தூர் கலெக்டருக்குக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு அழகாக இருந்திருக்காது.

செக்ரட்டரி காரு அதை அக்காவிடம் கொடுத்தார். கைதட்டினோம்.

அக்கா மடியில் வைத்துக்கொண்டு இடது ஓரத்தில் விரலை வைத்தார். வலது ஓரம் வரை ஓட்டினார். அடுத்த வரிக்கு இறக்கினார். மறுபடி ஓட்டினார். வழவழவென்று கண்ணாடி. திருப்பினார். பின்னால் பலகை.

கைதட்டல் நின்றது.

பார்வையற்ற பிள்ளைகளுக்காக நடத்தும் இல்லம் இது. மடல் எழுதியவள் நான். அச்சடிக்கச் சம்மதித்தது கமிட்டி. மூன்று நாள் ஆபீஸ் மேஜைமேல் அது இருந்தது. வருகிறவர், போகிறவர் எல்லாரும் பார்த்து 'பேஷ்' என்றார்கள். பெறப்போகிறவர் இதை எப்படிப் படிப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவருக்கும்.

"இன்னா சரோஜா, கண்ணாடியா? மூஞ்சி பாத்து பொட்டு வெச்சிக்கவா?" என்றார் அக்கா.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. எனக்குக் காது சுட்டது.

"குடுங்கக்கா, நான் படிக்கிறேன்."

"படி. அழகாத்தான் எழுதியிருப்பே."

படித்தேன். "தமிழ் போதித்த தகைசால் ஆசிரியையே, தளிர் விரல்களுக்குத் தாய்மொழியாம் தமிழை ஊட்டிய தாயே..."

"இரு, இரு" என்று கையைத் தூக்கினார் அக்கா. "நான் எப்போ தமிழ் டீச்சர் ஆனேன்?"

"பின்னே?"

"நான் எழுத்து சொல்லிக் குடுக்கிறேன். தமிழ்ப் புள்ளைக்கு தமிழ், தெலுங்குப் புள்ளைக்கு தெலுங்கு. பதினாறும் என்னண்டதானே குந்திகினு கீது? தெலுங்குப் புள்ளைங்களுக்கு எழுத்து எப்பிடி வந்துதுன்னு நெனச்சே?"

எப்படி வந்தது? வாரம் இரண்டு நாள் ஒரு தெலுங்குப் பண்டிதர் வருவார். தெலுங்குச் செய்யுள்களை வாயால் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். எழுத்தும் அவர்தான் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். நான் வேலைக்கு வந்த மூன்று வருஷத்தில் ஒரு நாள் எழுந்து போய்ப் பார்த்ததில்லை.

"அதெலாகம்மா? ரெண்டு லிபுலூ வேறே காதா?" என்றார் செக்ரட்டரி காரு. இரண்டும் வேறு வேறு எழுத்து இல்லையா என்கிறார்.

"கண்ணுக்குத்தான் சார் வேற. வெரலுக்கு ஒண்ணுதான். தமிழ் 'க'வுக்கு எந்தப் புள்ளியோ அதேதான் தெலுங்கு 'க'வுக்கும். நாலஞ்சு எழுத்து கூடக் கொறச்சல் வரும். நாடு பூரா ஒரே புள்ளின்னு எப்பவோ முடிவு பண்ணிட்டாங்களே."

செக்ரட்டரி காரு நம்பவில்லை. வக்கீல் அல்லவா? பத்மா என்ற பெண்ணைக் கூப்பிட்டார். பத்து வயது, காளஹஸ்திப் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளை. அவள் தெலுங்குப் பாடத்தைத் தடவிக் கடகடவென்று படித்தாள். தமிழ்ப் பாடம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதையும் படித்தாள். பாதிக்கு அர்த்தம் தெரியாது, ராகம் தெலுங்கு ராகம்... ஆனால் ஓர் எழுத்துக்கூடத் தட்டவில்லை.

செக்ரட்டரி காருவின் கையில் கேசரி அப்படியே இருந்தது. வாய்க்குப் போகவில்லை.

"இதை ஏனம்மா முன்பே சொல்லவில்லை?" என்றார் தமிழில், நிதானமாக. "கடிதத்தில் தெளிவாகத்தானே போட்டோம்? இனிமேல் தெலுங்கு மட்டும்தான், தமிழ் ஆசிரியை தேவைப்படாது என்று. ஒரு பதில் போட்டிருக்கலாமே?"

அக்கா என் குரல் கடைசியாக வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"லெட்டர்ல அப்பிடியா இருந்துச்சி, சரோஜா?"

இருந்தது. மூன்றாவது வரி. படித்தேன், நினைவிருக்கிறது. இதைச் சொன்னால் மனசு நோகுமே என்று விட்டுவிட்டேன். மருமகளின் புகார்களை விடுகிற மாதிரி.

அது மட்டுமா? இவர் தமிழ் ஆசிரியை என்று கமிட்டிக்குச் சொன்னது யார்? வருஷா வருஷம் ரிப்போர்ட்டில் சிப்பந்திகள் ஜாபிதா போகும். பெயர், வயது, ஊர், போதிக்கும் மொழி. டைப் அடித்தவள் நான். கன்னியம்மா, பள்ளிப்பட்டு, என்னோடு பேசுவது தமிழ். ஆகவே தமிழ். கேட்டேனா? எதற்குக் கேட்க வேண்டும்? நான்தான் எஸ்.எஸ்.எல்.சி. ஆயிற்றே.

அவருடைய வேலை போகும்படி எழுதினது நான். போன காரணத்தை மறைத்துப் படித்தது நான். போகிறதற்கு வாழ்த்து மடல் எழுதினதும் நான். சட்டத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"ஊரு அந்தப் பக்கம் போனதாலதான்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார் அக்கா. "அதுக்கு நான் இன்னா பண்ணுவேன், கோட்ட நவுத்த முடியுமா? இதுதான் விசயம்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கமிட்டி கூடாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார் செக்ரட்டரி காரு. "பஸ்ஸு பூடும்மா" என்றார் அண்ணன். பெட்டியைத் தூக்கினார். முடிவை எழுதித் தெரிவிக்கிறோம் என்று செக்ரட்டரி காரு சொன்னதும் அக்கா வாசலில் நின்றார்.

"எழுதறதுன்னா புள்ளியிலயே எழுதுங்க சார். அங்க எனக்குப் படிச்சி சொல்ல ஆளு இல்ல. இருந்தாலும் சுருக்கிடுவாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை நானும் போனேன். பஸ் புத்தூர்ப் பக்கம் திரும்பும் வரை நின்றேன்.

மறுநாள் கமிட்டிக்கு மூன்று பக்கம் எழுதினேன். என் தப்பு எது எது என்று ஒன்று விடாமல். பத்து நாள் கழித்துக் கூடினார்கள். வேலையை விட்டே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துகொண்டு வெளியே நின்றேன். உள்ளே கூப்பிட்டுக் கொஞ்சம் பொரிந்தார்கள். பிறகு, கன்னியம்மாவைத் திரும்ப அழைப்பது என்று தீர்மானம் போட்டார்கள். அந்த அம்மாள் சொன்னபடி புள்ளியில் எழுத யாருக்குத் தெரியும் என்று கேட்டார் செக்ரட்டரி காரு.

"நான் எழுதறேன் சார்" என்றேன். ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.

பத்மாதான் வாத்தியார். ஓட்டைகள் வரிசையாக உள்ள தகட்டைக் காகிதத்தின்மேல் வைத்து ஊசியால் குத்த வேண்டும். வலமிருந்து இடமாக, எல்லாம் தலைகீழ். திருப்பித் தடவினால்தான் எழுத்து. முதல் நாள் நாலு எழுத்து, இரண்டு விரலில் காயம். பத்மா தடவிப் பார்த்து, "இதி தப்பு அக்கா... இதி கூட தப்பு" என்பாள். அவளுக்கு அதில் என்ன ஒரு ஆனந்தம்! ஒன்பது வரிக் கடிதம் எழுத ஐந்து நாள் ஆயிற்று.

அடுத்த வாரம் பதில் வந்தது. கெட்டிப் பழுப்புக் காகிதம். பத்மாவிடம் கொடுக்கவில்லை. ஓர் எழுத்து, ஓர் எழுத்தாக நானே கூட்டினேன். ஒரு மத்தியானம் பூராவும் ஆயிற்று.

'வருகிறேன். இனி என்னைப் பற்றி எந்தக் காகிதத்தில் எதை எழுதினாலும் எனக்கு முழுவதும் படித்துக் காட்ட வேண்டும்.'

யோசித்துப் பார்க்கிறேன். படித்தவர்கள் படிக்காதவர்களுக்கும், பார்க்கிறவர்கள் பார்க்காதவர்களுக்கும் நல்ல மனசோடுதான் சுருக்குகிறோம். எதை விட்டோம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. சரி, நமக்காவது தெரிகிறதா? எங்கள் தெருவில் இத்தனை வருஷமாக நான் விழுங்கிய வரிகளில் யாருடைய வேலை போயிற்றோ, எந்தக் கல்யாணம் நின்றதோ...

திங்கட்கிழமை அக்கா வந்துவிட்டார். இந்தப் பத்தியைத் தபாலில் போடுவதற்கு முன் அவரிடம் முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். தன் அண்ணியைப் பற்றிய பேச்சுகூட இருக்கட்டும் என்றார். பஸ்ஸில் ஏறும்போது அவர் அழுதார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அங்கே நிறுத்தச் சொன்னார்.

"நான் எங்க அழுதேன்? நீதான் அழுதே. அட்ச்சிடு அத்த."

அடித்துவிட்டேன்.