வெடித்தது சுற்றியவனுக்கு

லா சப்பல் மெட்ரோப் படிகளில் ஏறும்போது நான் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. பார்த்தால் அடிக்க வேண்டும் போலிருக்கும். இரண்டாம் இலக்க வண்டி இங்கே மண்ணுக்கடியில் ஓடுவதில்லை, தலைக்கு மேலே ஓடுகிறது. ஆகவே வேலை முடிந்து வீட்டுக்குப் போக நான் இறங்க வேண்டியதில்லை, ஏற வேண்டும். ஒரு படி, கைபிடி, மூச்சு. இன்னொரு படி, கைபிடி, மூச்சு. பின்னால் வருகிறவர்கள் ‘ப்ஃப்’ என்று காற்றை ஊதுகிறார்கள். ஊது. உனக்கும் ஒருநாள் முழங்கால் வரும்.

ஜனவரியில் அந்த முழங்காலை ஒரு சத்திரசிகிச்சை மருத்துவர் எக்ஸ்ரே படத்தில் பார்த்தார். எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றத்தான் வேண்டும் என்றார். பிறகு என்னைத் தராசில் ஏற்றினார். நூற்று நான்கு கிலோ. முகத்தில் ஒன்றையும் காட்டாமல் ஒரு தாளில் தொண்ணூற்றெட்டு என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டு என் பக்கம் தள்ளினார். ஜூன் கடைசியில் அடுத்த ரொந்தேவு, அவரைப் பார்க்கிற நாள். அன்றைக்கு இந்த எண்ணுக்குக் கீழே நின்றால் சத்திரசிகிச்சைக்குத் திகதி தருவார், இல்லாவிட்டால் வரிசையில் என் இடம் இன்னொருவருக்கு. மிகவும் மரியாதையான பிரெஞ்சில் சொன்னார். அந்த மரியாதைக்காகவே அவரை வெறுத்தேன்.

நான் நின்று வேலை செய்கிறவன். ரோல்ஸும் பற்றிஸும் வடையும் விற்கிற கடையொன்றின் பின்புறச் சமையலறையில், காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணிவரை, ஒரே மேசை முன்னால். நிற்க முடியாத ரோல்ஸ்காரனை யாரும் வைத்திருக்கமாட்டார்கள். எனக்கு வேறு வேலை தெரியாது. கவிதை எழுதத் தெரியும், அதைக் கொண்டு ஒரு வெங்காயம்கூட உரிக்க முடியாது.

ரோல்ஸ் சுற்றுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குற்றம் நடந்தது அங்கேதான். மாவைக் கரைத்து மெல்லிய அப்பம்போல் சுட்டுக்கொள்வோம். நடுவில் கறி வைத்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்துச் சுற்றி, கடைசி நுனியை மாப்பசையால் ஒட்டுவோம். பிறகு முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி, எண்ணெய்த் தாச்சியில் போடுவோம். ஓரம் மடியாமல் இருந்தால், அல்லது பசை பிடிக்காவிட்டால், எண்ணெய்க்குள் அது வாய் பிளக்கும். வெடித்ததைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்க முடியாது. எங்கள் சமையலறையில் அதற்கொரு வழக்கம் இருந்தது. வெடித்தது சுற்றியவனுக்கு. யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் மீறவுமில்லை.

பெப்ரவரிக்குள் நான் நூற்று ஒன்றுக்கு இறங்கியிருந்தேன். சோற்றைக் குறைத்தேன், தேத்தண்ணீரில் சீனியை நிறுத்தினேன். நூற்று ஒன்று என்று கண்ட அன்றே எனக்குள் ஒருவன் பழிவாங்கக் கிளம்பினான். அந்தச் சனிக்கிழமை எபினே என்ற புறநகரில் ஒரு பிறந்தநாள் விழா. மூன்று தட்டு. நான்காவதை வேண்டாம் என்றேன், பிறகு ‘சரி, கொஞ்சம்’ என்றேன். எண் இறங்கும்போதெல்லாம் என் கை தட்டைத் தேடுகிறது. இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. மெலியத் தொடங்கினால் யாரோ என்னிடமிருந்து எதையோ களவெடுக்கிறார்கள் என்ற கோபம் எனக்கு எப்போதும் உண்டு.

ஆகவே தவக்காலத்தைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். விபூதிப் புதனிலிருந்து பாஸ்குத் திருநாள் வரைக்கும் ஒருசந்தி, நாளைக்கு ஒரு நேரச் சாப்பாடு என்று மனைவியிடம் அறிவித்தேன். சபையில் யாரும் அத்தனை நாளும் பிடிப்பதில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ‘டயற்’ என்று சொன்னால் தட்டைத் திணிக்கிற சனம், ‘ஒருசந்தி’ என்று சொன்னால் கையை எடுத்துக்கொள்ளும். பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டில் ஒரு சாப்பாடு, அதற்கு முன் வெறும் தண்ணீர். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியும் இல்லை. அதில் நான் மிகவும் கண்டிப்பாக இருந்தேன். வெள்ளிகளில் மீன் ரோல்ஸ் மட்டுமே வெடித்தது.

ஆம், வெடித்தது. முதல் கிழமை நாளுக்கு இரண்டு. இரண்டாம் கிழமை ஐந்து. பிறகு எட்டு. நின்றபடியே, தாச்சிக்குப் பக்கத்தில், நாக்கைச் சுட்டுக்கொண்டு தின்றேன். இருந்து சாப்பிட்டால்தானே சாப்பாடு. நின்று தின்றதை எந்தப் பங்குச் சுவாமியார் ஒருசந்தி முறிந்ததென்று சொல்வார்? அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் நினைக்கவேயில்லை. கை எடுத்தது, வாய் திறந்தது.

தவக்காலத்தின் நடுவில் மருந்துக்கடைத் தராசில் ஏறினேன். நூற்று ஐந்து.

“என்னப்பா, ஒருசந்தி பிடிக்கிற ஆக்கள் இளைப்பினம்,” என்றாள் மனைவி. “நீங்கள் ஊதுறியள்.”

“தண்ணி உடம்பு.”

“அப்ப அந்தத் தண்ணியை எங்கை குடிக்கிறியள்?”

கடைக்கு வருகிற ஒருவர், எல்லா நாளும் இரண்டு வடையும் ஒரு புளித்த பகிடியும் வாங்கிக்கொண்டு போகிறவர், கதவிடுக்கால் எட்டிப் பார்த்தார். “அண்ணைக்குத் தவக்காலம் நல்லா ஒத்துக்கொள்ளுது போலை!” கையில் கரண்டி இருந்தது. கரண்டி மட்டும் இருந்ததற்காகக் கர்த்தருக்குத் தோத்திரம்.

என் மேசையின் மறுபுறத்தில் ஒரு பெண் நிற்பாள். வன்னியிலிருந்து வந்து இரண்டு வருடமாகவில்லை, நாற்பதை எட்டிக்கொண்டிருந்தாள். அவளும் ரோல்ஸ்தான் சுற்றுவாள். அதிகம் பேசமாட்டாள். பேசாதவர்களை நான் நம்புவதில்லை, அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வியாழன் காலை, பத்தரை மணியிருக்கும், என்னுடைய ஆறாவது ரோல்ஸ் எண்ணெயில் வாய் பிளந்தது. எடுக்கக் கரண்டியை நீட்டினேன்.

“அண்ணை.”

“என்ன?”

“கோவிக்காதேங்கோ. உங்களுக்குச் சுத்தத் தெரியாதோ, இல்லாட்டிச் சுத்த மனமில்லையோ?”

“பதினொரு வருசமாச் சுத்துறன், தங்கச்சி. நீர் உம்மடை வேலையைப் பாரும்.”

“அதைத்தான் கேக்கிறன். நான் வந்த புதுசிலை உங்களுக்கு ஒண்டும் வெடிக்கிறேல்லை. இப்ப ஒருசந்தி துவங்கின பிறகுதான் வெடிக்குது. அதுவும் மத்தியானத்துக்கு முன்னம். வயிறு நிரம்பினாப் பிறகு, பின்னேரம் ஒண்டும் வெடிக்கிறேல்லை.”

“எண்ணெய்ச் சூடு கூடிப்போச்சு.”

“இதே தாச்சியிலைதான் நானும் பொரிக்கிறன்.”

அவள் என் தட்டிலிருந்து, இன்னும் முட்டையில் தோய்க்காத ஒரு ரோல்ஸை எடுத்தாள். மேசையில் வைத்து இரண்டு விரலால் மெதுவாக அவிழ்த்தாள். அது எந்தத் தடையும் சொல்லாமல் விரிந்தது. இடப்பக்கம் மடிக்கப்படவேயில்லை. நுனியில் பசையில்லை.

“இதிலை பசை எங்கை, அண்ணை?”

பார்த்தேன். நான் செய்ததுதான், ஆனால் செய்த நினைவு எனக்கில்லை. அடுத்ததை அவிழ்த்தேன். பசை இருந்தது, மடிப்பு இருந்தது. அதற்கடுத்தது, இல்லை. விற்க வேண்டியவற்றுக்கு இடையிலே எனக்கென்று சிலவற்றை என் கைகள் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. வாயால் விரதம் சொன்னவன் ஒருவன், கையால் களவெடுத்தவன் ஒருவன். இருவரும் ஒரே ஏப்ரன் கட்டியிருந்தார்கள்.

வெட்கம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். ஆறாவதையும் வடித்தெடுத்து, தின்னாமல் மிஞ்சியிருந்தவற்றோடு சேர்த்துத் தட்டோடு தூக்கிக் குப்பை வாளியில் கவிழ்க்கப் போனேன்.

“எறியாதேங்கோ!”

அவள் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முன்பக்கத்தில் கல்லாவில் நின்ற முதலாளிகூட எட்டிப் பார்த்தார்.

“நான் ஒரு அகப்பைக் கஞ்சிக்கு வரிசையிலை நிண்டனான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஷெல்லுக்குள்ளை. தின்னுறதெண்டாத் தின்னுங்கோ, அது உங்கடை வயிறு. வேணுமெண்டு பழுதாக்கிப்போட்டு, பிறகு எறியவும் எறிஞ்சா, என்னாலை பாத்துக்கொண்டு நிக்கேலாது.”

தட்டை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு தன் வேலையைப் பார்த்தாள். நான் மூன்று நாள் அவளை வெறுத்தேன். மருத்துவரை, படிகளை, வடை வாங்குகிற அந்தப் பகிடிக்காரரை வெறுத்ததைவிட அதிகமாக வெறுத்தேன், ஏனென்றால் இவள் மட்டும்தான் என்னைச் சரியாகப் பார்த்தவள். அவள் வெங்காயம் நறுக்கும் சத்தம்கூட என்னைத் திட்டுவது போலிருந்தது.

திங்கட்கிழமை காலை, கையில் மாவோடு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

“வழக்கத்தை மாத்துவம். இனி என்ரை வெடிச்சா உங்களுக்கு. உங்கடை வெடிச்சா எனக்கு. சரியோ?”

“சரி,” என்றேன். நல்ல மனத்தால் சொல்லவில்லை. இவளுக்கும் ஒரு நாளைக்கு நாலைந்தாவது வெடிக்கும், இவள் கண்ணுக்கு முன்னால் நின்று தின்பேன் என்று நினைத்தேன்.

அவளுக்கு ஒன்றுகூட வெடிக்கவில்லை. அவளுடைய ரோல்ஸ் எல்லாம் கைக்குழந்தையைத் துணியில் சுற்றியதுபோல் இறுகிப் படுத்திருந்தன. எனக்கு வெடித்தது ஏழு. பழக்கம் உடனே போகுமா? ஏழையும் அவள் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். செவ்வாய் ஐந்து. புதன் ஆறு. வியாழன் காலை வந்து சொன்னாள்:

“என்ரை ரெண்டு பிள்ளையளும் பள்ளிக்கூடத்தாலை வந்தவுடனை கேக்குதுகள், ‘அம்மா, இண்டைக்கும் அந்த மாமா வெடிக்க வைச்சவரோ?’ எண்டு. நல்லாப் பிடிச்சுப்போச்சு. இன்னும் கொஞ்சம் வெடிக்க வையுங்கோவன்.”

சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அன்றைக்கு நான் சுற்றியது போல என் வாழ்நாளில் சுற்றியதில்லை. ஓரத்தை மடித்து விரலால் அழுத்தினேன். பசையை இரண்டு தரம் பூசினேன். நுனியை ஒட்டி, அதன் தலையில் பெருவிரலை வைத்து, மூச்சைப் பிடித்து எண்ணினேன். என் வயிற்றுக்காக அல்ல, என் முழங்காலுக்காகவும் அல்ல. இவளுக்கு ஒன்றும் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான். அன்று ஒன்றும் வெடிக்கவில்லை. பின்னேரம் அவள் வெறும் பையோடு போவதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோசம் அசிங்கமானது. அந்த அசிங்கமான சந்தோசத்தை வைத்துத்தான் நான் என்னைக் காப்பாற்றினேன். நல்ல எண்ணம் இருபது வருடமாகச் செய்ய முடியாததை எரிச்சல் நாலு நாளில் செய்தது.

ஆனால் பசி போக இடமில்லாமல் உடம்புக்குள்ளேயே சுற்றியது. பதினொரு மணிக்குக் கையிலிருந்து தட்டொன்று நழுவி விழுந்தது. அப்போதுதான் விளங்கியது, களவுக்குக் கதவு திறந்துவிட்டதே அந்த ஒருசந்திதான் என்று. மறுநாள் காலை ஏழு மணிக்கு, நாற்காலியில் இருந்து, இரண்டு முட்டையும் ஒரு துண்டு பாணும் சாப்பிட்டேன். மத்தியானம் ஒரு கோப்பை சோறு, மரக்கறி. அதையும் இருந்து.

“தவக்காலத்திலை ஒருசந்தியை முறிக்கிறியளோ?” மனைவி வாயில் கை வைத்தாள்.

“கர்த்தர் என்னைத் தராசிலை ஏத்தேல்லை. டொக்டர்தான் ஏத்துறார்.”

“அப்ப கர்த்தருக்கு என்ன குடுக்கிறியள்?”

“ரோல்ஸை.”

பாஸ்குவுக்கு நூற்று இரண்டு. மே மாதம் நூறு. இப்போது தெருவில் வேறு பாட்டு. “என்னண்ணை, வத்திப்போனியள், சீனி வருத்தமோ?” என்று கேட்டார் அதே பகிடிக்காரர், முகத்தில் கவலையைப் பூசிக்கொண்டு. கொழுத்தால் பகிடி, மெலிந்தால் துக்கம் விசாரிப்பு. இந்தச் சனத்துக்கு என் உடம்பு ஒரு பொதுச்சொத்து.

தராசு தொண்ணூற்றெட்டரை காட்டிய கிழமை, ஒரு காலையில், என் விரல் இடப்பக்க ஓரத்தை மடிக்காமல் தாண்டிப் போனது. அதே விரல். அதே ஓரம். எண் இறங்கிவிட்டது, களவெடுத்தவன் எழுந்துவிட்டான். இந்த முறை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவிழ்த்து, மடித்து, ஒட்டினேன். எதிரே நின்றவள் தலை நிமிரவில்லை. ஆனால் அவளுடைய கத்தி ஒரு கணம் நின்று, பிறகு நறுக்கியது.

ஜூன் கடைசியில் மருத்துவர் என்னைத் தராசில் ஏற்றினார். தொண்ணூற்றேழு புள்ளி நாலு. அவர் பாராட்டவில்லை. கணினியைத் தட்டி, செப்டெம்பரில் ஒரு திகதியை அச்செடுத்துத் தந்தார். வட்டம் போட்ட தாளை நான் என் பையிலிருந்து எடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவருக்கு அது என்னவென்று விளங்கியிருக்காது.

அங்கிருந்து நேரே கடைக்கு. மெட்ரோவிலிருந்து இறங்கும் படிகளிலும் ஒரு படி, கைபிடி, மூச்சு. முழங்கால் அதே முழங்கால்தான். சமையலறையில் அவள் என் பையின் நுனியில் தெரிந்த தாளைப் பார்த்தாள்.

“திகதி தந்திட்டினமோ?”

“ஓம்.”

அவள் தன் பக்கம் திரும்பிச் சுற்றத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் தாச்சியில் ஏதோ வெடித்தது. நான் இன்னும் ஒன்றுமே சுற்றியிருக்கவில்லை. அவள் அதை வடித்தெடுத்து, ஒரு சின்னத் தட்டில் வைத்து, மேசைக்குக் குறுக்கே என் பக்கம் தள்ளினாள். குனிந்து பார்த்தேன். இடப்பக்கம் மடிக்கப்படவில்லை. பசை தொட்ட அடையாளமேயில்லை.

“வேணுமெண்டு செய்தனீரோ?”

“ஓம். என்ரை வெடிச்சா உங்களுக்கெல்லோ. நிண்டு தின்னாமல் இருந்து சாப்பிடுங்கோ.”

வெறும் எண்ணெய்த் தகரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, காலை நீட்டி இருந்தேன். முழுவதையும் சாப்பிட்டேன், மெதுவாக, கடைசித் தூள்வரை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உப்புக் காணாது,” என்றேன்.

“கறி நேற்று வைச்சது நீங்கள்,” என்றாள்.