செஞ்சிக் கோட்டையில் ஒரு ராஜா கல்

இந்தத் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை செஞ்சிக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, அங்கே கூட வேலை செய்த காதரிடம் மன்னிப்புக் கேட்க. நாற்பது வருஷமாகத் தள்ளிப்போட்ட பயணம். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் தட்டுகிறாள். காதர் வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னவளும் அவள்தான்.

திண்டிவனத்தில் காலை எட்டேகாலுக்கு பஸ். இருபத்தெட்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், டிக்கெட் முப்பது ரூபாய். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டைக்கு ஆட்டோ நூறு ரூபாய்.

"பெருசு, இந்த வயசுல மலை ஏறப் போறியா? கீழயே நில்லு, மலை உன்னப் பாத்துக்கும்" என்றான் டிரைவர்.

உள்ளே போக இருபத்தைந்து ரூபாய். கல்யாண மஹாலுக்குப் பக்கத்தில் தட்டையாக ஒரு கல் இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ராஜகிரி மலைப் படிகளைப் பழுது பார்த்தபோது நாங்கள் நாலு பேர் அங்கேதான் சாப்பிடுவோம். கோட்டையை ஆண்டவர்கள் பெயரில் ஆளுக்கு ஒரு கட்சி வைத்துக்கொண்டோம். நான் கோனார் கட்சி. வீட்டில் தெலுங்கு பேசும் சீனு நாயக்கர் கட்சி. மராத்தி பேசும் ராவ் மராட்டியர் கட்சி. உருது பேசும் காதர் நவாப் கட்சி. சுண்ணாம்புச் சுமையை முதலில் மேலே சேர்த்தவன் அன்றைக்கு ராஜா. அவன் கல்லில் உட்காருவான். மற்றவர்கள் முதல் கவளத்தை அவனுக்குத் தரவேண்டும்.

ஒருமுறை காதர் தொடர்ந்து மூன்று நாள் ராஜா. எனக்கு வயிற்றெரிச்சல். "எங்கிருந்தோ வந்தவனுக்கு எங்க கோட்டையில இன்னாடா ராஜா வேஷம்?" என்றேன். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். காதர் எழுந்து போனான். வேலை முடிகிறவரை தனியாகத்தான் சாப்பிட்டான்.

மதில் ஒருத்தர், களஞ்சியம் ஒருத்தர், பள்ளிவாசல் ஒருத்தர் என்று வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கட்டிய கோட்டை அது. தினமும் அதன் கல்லைத் தூக்கியும் எனக்கு உறைக்கவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை அதே கல்லுக்குப் பக்கத்தில் காதர் தடியூன்றி நின்றிருந்தான். "இன்னாப்பா கோனாரே, இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

கொண்டுபோன புளிச்சோற்றில் முதல் கவளத்தை நீட்டினேன். "தப்பு பண்ணிட்டேன் காதரு. கல்லுல உக்காரு."

வாங்கிச் சாப்பிட்டான். உட்காரவில்லை.

"எங்கிட்ட சொல்லிட்ட, சரி. அன்னிக்கு சிரிச்ச ரெண்டு பேருகிட்ட யாரு சொல்றது? சீனுவும் ராவும் என்னை வெளியாளுன்னே நெனச்சிக்கினு செத்துட்டாங்களே."

கல்லைக் காலியாக விட்டு, நானும் அவனும் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள். குரங்குகள் கண்ணில் பையைக் காட்டாதீர்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் ராஜகிரி ஏற விடமாட்டார்கள். எதற்காகப் போனாலும், சீக்கிரம் போய்விடுங்கள்.