டங்கன்ட வாப்பாவுக்கு மூட்டின சாரம்

தைத்து முடித்த துணியின் ஒரு முனையைக் காற்பெருவிரலுக்குள் செருகி, மறுமுனையைக் கையில் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுக்கிறார் ஸஹீதா தாத்தா. தையல் மூட்டு அசையவில்லை. "பிரிஞ்சு பாரன்" என்று துணியிடமே சொல்லிவிட்டு அடுத்த வெள்ளைச் சட்டையை எடுக்கிறார். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். காத்தான்குடியிலும் கல்லடியிலும் எத்தனையோ பிள்ளைகளின் சீருடை இப்படி அவருடைய காலில் மாட்டுப்பட்டுத்தான் வெளியே போகிறது.

தாத்தா என்றதும் நரைத்த தாடி ஒன்றைத் தேடாதீர்கள். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. நான் கல்லடியில் தமிழ் டீச்சர். சட்டை தைக்கப் போய்ச் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டேன். தாத்தா குள்ளம், வாய் பெரிது, கண்ணாடி எப்போதும் நெற்றியில். அதை மூக்கில் இறக்கி நான் கண்டதில்லை.

அவருக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. சேப்டி பின் குத்திய உடுப்பைக் கண்டால் பொறுக்காது. "பின் குத்திற தைக்கத் தெரியாத ஆக்கள்ற வேல டீச்சர்" என்று என் சேலைத் தோளைப் பார்த்தே ஏசுவார். கல்யாண வீடொன்றில் முன்பின் தெரியாத ஒருத்தியின் பின்னைக் கழற்றி, நின்ற நிலையிலேயே இரண்டு தையல் போட்டு அனுப்பியதும் நடந்தது. மற்றப் பிடிவாதம், ஆண்களுக்கு அளவு எடுக்கமாட்டார். கணவர் ஆதம்பாவா வாசலில் வைத்து அளப்பார். தாத்தா உள்ளே இருந்து, "வயித்த எக்க விடாதீங்க, பொறகு பொத்தான் பூட்டேலா" என்று சத்தம் வைப்பார்.

ஆனால் அளக்க ஆண்கள் வந்தால்தானே! கடற்கரை வீதியில் ஆண்களுக்குத் தைக்கும் கடை வைத்திருந்தவர் ஆதம்பாவா. சுனாமி கடையையும் மெஷினையும் கொண்டுபோனது. இடிந்து விழுந்த சுவர் அவருடைய வலக்கையின் பலத்தைக் கொண்டுபோனது. நிவாரணத்தில் கிடைத்த மெஷினில் தாத்தா உட்கார்ந்தார். அன்றைக்கே ஊர் ஆண்கள் வேறு கடை பார்த்துப் போய்விட்டார்கள். பொம்பிள தைத்த கால்சட்டையா என்று ஒரு சிரிப்பு. தாத்தாவுக்கு ஆறாத குறை அதுதான். "எங்கட ஊரான் ஒருத்தன் ஒரு கால்சட்டைத் துணி கொண்டு வந்து தந்தாக் காணும். எனக்கு வேறொண்டும் வேணா" என்பார்.

வந்தது ஊரான் இல்லை, ஸ்கொட்லாந்துக்காரன். டங்கன் சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை இறைக்க வந்த பொடியன். தாத்தாவின் கிணற்றை இறைத்துவிட்டு அவருடைய கையால் சோறும் தின்றவன். யுத்தம் முடிந்த அடுத்த வருடம் திரும்பி வந்தான், எங்கள் பள்ளிக்கூட யசோதினி டீச்சரைக் கல்யாணம் முடிக்க. தகப்பனையும் கூட்டி வந்தான். சோதனைச்சாவடிகள் குறைந்திருந்த காலம். கோட்டை, வாவியில் தோணிச் சவாரி, வெளிச்சவீடு, கல்லடிப் பாலம் என்று பட்டினம் முழுக்கத் தகப்பனுக்குக் காட்டினான். மனிதருக்கு ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. விமானத்தில் அவருடைய பெட்டி வந்து சேரவில்லை. பெட்டிக்குள்தான் அவருடைய கில்ட் இருந்தது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை, பின்பக்கம் மடிப்பு மடிப்பாக, கட்டம் போட்ட கம்பளித் துணி. அவர்கள் நாட்டில் மாப்பிள்ளையின் தகப்பன் கல்யாணத்துக்கு அதை உடுப்பதுதான் மரியாதையாம். அது இல்லாமல் சபையில் நிற்கமாட்டேன் என்றுவிட்டார். கல்யாணத்துக்கு இடையில் ஒரே ஒரு நாள்தான். தகப்பன் கில்ட் உடுத்து நின்ற ஒரு படத்தையும் எடுத்துக்கொண்டு, தகப்பனையும் என்னையும் தாத்தாவிடம் இழுத்துப் போனான் டங்கன்.

முதல் சிக்கல் கட்டம். அது சும்மா கோடில்லை, குலத்துக்கு ஒன்று, தகப்பன் வழியில் வருவது என்றான் டங்கன். அவர்களுடைய சிவப்புக் கட்டம் காத்தான்குடிப் புடவைக்கடை ஒன்றிலும் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் உள்ளேயிருந்து தாத்தாவின் குரல் வந்தது.

"குடிதானே? அது எங்களுக்கும் இரிக்கி. குடி உம்மாட வழியில வாறதில்லோ? அவர்ர உம்மாட குடிக்கு என்ன கட்டமெண்டு கேளுங்க டீச்சர்."

மட்டக்களப்பில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் கல்யாணம் என்றால் தாய்வழிக் குடிதான் கேட்போம். நானும் கேட்டேன். டங்கனின் தகப்பன் விரலால் காற்றில் கட்டம் கீறிப் பார்த்தார். பிறகு, பச்சையும் நீலமும் என்றார். காத்தான்குடியில் சாரம் விற்கும் ரிஸ்கானின் கடையில், எங்கள் ஆண்கள் கைலி மாதிரி உடுக்கிற பச்சை நீலச் சாரம் அடுக்கிக் கிடந்தது. அவர் ஒன்றைத் தடவிப் பார்த்து, அம்மா இதைக் கண்டால் சந்தோஷப்படுவாள் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாரங்களைப் பிரித்துத் தொடுத்து, மடிப்பு வைத்து, விடிய விடியத் தைத்தார் தாத்தா. மடிப்பு அவருக்குச் சீருடையில் பழகியதுதான். ஆனால் படத்தில் கில்டின் ஓரத்தில் ஒரு பெரிய பின் தெரிந்தது. அதைக் கண்டதும் தாத்தாவுக்கு மனம் இளகிவிட்டது. "பாவம், மூட்டு உட்டுப் போயிரிக்கி. மனிசன் பின்னக் குத்திக்கொண்டு நிண்டிரிக்கார். பொஞ்சாதி இல்லையோ?" இடுப்பில் ஒரு சாண் திறப்பு விட்டு, மற்றதைச் சாரம் மாதிரியே மேலிருந்து கீழ்வரை தைத்து மூட்டிவிட்டார்.

கல்யாணக் காலையில் நான்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனிதர் கீழ்வரை போகிற திறப்பைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டங்கன் சிரித்த சிரிப்பில் நிலத்தில் இருந்துவிட்டான். கில்ட் மூட்டுவதில்லையாம், இடுப்பில் சுற்றிக் கட்டுவதாம். பின் அழகுக்குக் குத்துவதாம். தாத்தாவின் தையலைப் பிரிப்பதென்றால் தாலி கட்டி முடிந்துவிடும். கடைசியில் தகப்பனார் எங்கள் ஆட்கள் சாரம் உடுக்கிற மாதிரியே காலை உள்ளே விட்டு இடுப்புவரை ஏற்றினார்.

பாலத்தில் படம் எடுக்கும்போது கச்சான் காற்று அள்ளி வீசியது. பெண்கள் சேலையைப் பிடித்தார்கள், மாப்பிள்ளை வேட்டியைப் பிடித்தான். தகப்பனார் மட்டும் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினார். உடுப்பு விரியுமோ என்று பயப்படாமல் கில்ட் உடுத்தது இன்றைக்குத்தானாம்.

அடுத்தநாள் விஷயத்தைச் சொன்னபோது தாத்தாவின் முகம் கறுத்தது. பிறகு கேட்டார்: "கிழியாத உடுப்புக்கு என்னத்துக்கு டீச்சர் பின்?"

பாலத்தில் எடுத்த அந்தப் படம் எங்கெங்கோ போயிற்று. இப்போது ஓட்டோக்காரர்கள் வெளிநாட்டாரை ஏற்றினால் கோட்டை, வெளிச்சவீடு, அடுத்தது ஸஹீதா தாத்தாவின் வாசல். மூட்டிய கில்ட்தான் வேண்டுமாம். ஆதம்பாவா தொந்திகளை அளந்து களைக்கிறார். வீட்டில் கலகலப்பு. ஆனால் ஊர் ஆண்களுக்கு அதுவும் சிரிப்புத்தான். "வெள்ளக்காரனுக்குப் பாவாட தைக்கிற மனிசி" என்றார்கள். அதிகம் சிரித்தவன், சாரம் விற்றுக் கொழுத்த ரிஸ்கான்.

சென்ற கிழமை நான் அங்கே இருந்தபோது அந்த ரிஸ்கானே ஒரு பார்சலோடு வந்து, அண்ணனைக் கூப்பிடுவதுபோல் ஆதம்பாவாவைக் காக்கா என்று கூப்பிட்டான்.

"காக்கா, மச்சான்ட கல்யாணத்துக்கு ஒரு கால்சட்ட தைக்கணும்."

"ஆரு தைக்கிற எண்டு தெரியும்தானே?" என்றார் ஆதம்பாவா.

"தெரிஞ்சுதான் வந்த. கட்டம் பொருத்திறதுக்கு ஒரு வெள்ளக்காரன் அந்தப் பாவாடயக் கடைக்குக் கொண்டு வந்தான். புரட்டிப் பாத்தன் காக்கா. எது உள், எது வெளி எண்டு விளங்கல்ல, தையல் அவ்வளவு சுத்தம்."

தாத்தா மெஷினை விட்டு எழும்பி வாசலுக்கு வந்தார். உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்தார். கையில் ஈரமும் இல்லை, எண்ணெயும் இல்லை. இன்னொரு தரம் துடைத்துவிட்டுத்தான் துணியை வாங்கினார்.