கம்பி வண்டியும் தேர் வடமும்

முப்பதுகளில் புதுச்சேரியில் லாரிகள் இருந்தன. ஆனால் தன் எஞ்சினாலேயே கம்பி இழுக்கும் லாரி, எனக்குத் தெரிந்து, ஒன்றுதான் இருந்தது. அதை ஓட்டியவன் நான். ரோடு போடும் கான்ட்ராக்டர் ஒருவர், வெள்ளைக்காரர், அதைப் பிரான்சிலிருந்து கப்பலில் வரவழைத்திருந்தார். என் இருக்கைக்குப் பின்னால், அடியில், ஓர் இரும்பு உருளை. அதில் விரல் தடிமனுக்கு முறுக்குக் கம்பி சுற்றியிருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு ஒரு லீவரைத் தள்ளினால் எஞ்சினின் பலம் சக்கரங்களை விட்டு உருளைக்குப் போகும். உருளை மெதுவாகச் சுற்றும். கம்பியின் மறுமுனையில் என்ன கட்டியிருக்கிறதோ அது வந்துதான் ஆக வேண்டும். இதற்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் உண்டு, எங்கள் முசியே, அந்தக் கான்ட்ராக்டர், அந்தப் பெயரைத்தான் சொல்வார். ஊருக்கெல்லாம் அது கம்பி வண்டி.

நான் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவனைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். பீரங்கி இழுக்கும் வண்டியில் வேலை பழகினேன். அங்கே முதலில் சொல்லிக் கொடுத்தது, கம்பி இறுகியதும் பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது என்பது. அறுந்த கம்பி ஓர் ஆளின் இரண்டு கால்களையும் கொண்டுபோனதை நேரில் பார்த்தவன் நான். அதனால் கம்பிக்குப் பக்கத்தில் யாராவது வந்தால் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிடும். கோபக்காரன் என்று எனக்குப் பெயர் வந்தது அப்படித்தான். அந்தப் பெயரை நான் மாற்றிக்கொள்ள முயலவும் இல்லை.

என் கஷ்டம் என்னவென்றால், எங்கள் ஊர் ஜனங்களுக்குப் பாரம் இழுக்கிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரியாது. தேர் ஓடும்போது வடத்தில் கை வைக்காமல் போகிறவன் உண்டா? அதே பழக்கம்தான். கருவடிக்குப்பத்துச் செம்மண் பள்ளத்திலிருந்து மரம் இழுத்துக்கொண்டிருப்பேன். வழியே போகிறவன் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு வந்து கம்பியைப் பிடிப்பான். பார்த்துக்கொண்டு சும்மா போனால் அவனுக்கு மனசு கேட்காது. நான் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்த் திட்டுவேன். அவன் என்னை நன்றி கெட்டவன் என்று நினைத்துக்கொண்டு போவான்.

ஒரு மழைக்காலத்துக் காலை, பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சேதராப்பட்டிலிருந்து மார்க்கெட்டுக்குக் கத்திரிக்காய் கொண்டுவரும் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். அன்று கூடை இல்லை. முழங்கால் வரை சேறு. அவர்கள் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பார்கள். கிணற்றடியிலிருந்து இறங்கும் சரிவில் மாடுகள் கீழே நடந்தால் தோல் சால் தண்ணீரோடு மேலே வரும். சால் திரும்ப இறங்க மாடுகள் பின்னாலேயே நடந்து சரிவில் ஏற வேண்டும். மழையில் சரிவின் உச்சி வழுக்கி, அப்படிப் பின்னால் ஏறிய மாடுகளில் ஒன்று நுகத்திலிருந்து கழன்று கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. கால்கள் அடிச்சேற்றில் புதைந்துவிட்டன. ஊரார் இழுத்துப் பார்த்து, கவலைக் கயிறு அறுந்ததுதான் மிச்சம். அவள் புருஷன் உள்ளே குதித்து, மாட்டின் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிக்கொண்டு நிற்கிறான்.

“மாடு போனா போவட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல அண்ணே. அது மேல வராம அவரும் மேல வரமாட்டாரு. தண்ணி ஊறிக்கினே கீது,” என்றாள்.

முசியேயிடம் போய்ச் சொன்னேன். மாடா என்று சிரித்தார். பிறகு, போய் வா, மெஷின் எப்படி வேலை செய்தது என்று வந்து சொல், என்றார். அவளை முன்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சேதராப்பட்டு பிரெஞ்சு மண்தான், ஆனால் போகிற வழியில் கொஞ்சம் இங்கிலீஷ் மண் குறுக்கே வரும். சுங்கச் சாவடியில் ஒரு சேவகன் வண்டியை நிறுத்தி, என்ன சரக்கு என்று சாவகாசமாகக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திறந்துவிட்டாள். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவனே ஓடிப்போய், வழியை மறித்திருந்த கட்டையைத் தூக்கினான். என்னைவிடக் கோபக்காரி ஒருத்தி உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன்.

கிணறு ஆழம். எட்டிப் பார்த்தபோது ஒரு ஜோடிக் கொம்பும் ஒரு மனிதத் தலையும்தான் தெரிந்தன. அந்தத் தலை மாட்டின் காதோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தது. ஜோடி மாடு புளியமரத்தடியில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. கெட்டித் தரை பார்த்து லாரியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்தேன். மூன்று பனந்தூண்களைக் கிணற்றின் மேல் சாய்த்துக் கட்டி, கப்பி தொங்கவிட்டு, கம்பியை இறக்கினேன். உள்ளே இருந்தவன் முங்கி முங்கி, மாட்டின் வயிற்றுக்கு அடியில் சாக்குப் பட்டைகளைக் கோத்துக் கம்பியோடு மாட்டினான். மேலே ஏறி வரச் சொன்னேன். தன் குரல் கேட்காவிட்டால் மாடு மிரளும் என்று மறுத்துவிட்டான். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் வாதாட நேரமில்லை.

கம்பி அறுந்தால் துள்ளாமல் இருக்க, ஈரச் சாக்கு ஒன்றை மடித்து அதன் மேல் போட்டேன். பட்டாளத்தில் அப்படித்தான் செய்வோம். எஞ்சினை முடுக்கினேன். கம்பி இறுகியது. உடனே பக்கத்துக்கு நாலு கைகள் கம்பியில். நிறுத்தினேன். திட்டினேன். விலகினார்கள். மறுபடி ஓட்டினேன். மறுபடி கைகள். இதற்குள் ஈரச் சாக்கைப் பார்த்துவிட்டுக் கம்பி சூடாகிறது போலிருக்கிறது என்று அவர்களாகவே முடிவு செய்து, பெண்கள் குடம் குடமாகக் கொண்டுவந்து கம்பி மேலும் உருளை மேலும் ஊற்றத் தொடங்கினார்கள். நல்ல மனசோடு செய்கிறவர்களை எப்படித் தடுப்பது? நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் மாடு கிணற்றிலேயே கிடக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“கை சும்மா இருக்காதுன்னா வேற ஒரு கயித்த எடுத்தாந்து, எங்கனா கட்டிவச்சி இழுங்க. இந்தக் கம்பியத் தொட்டா வண்டிய எடுத்துக்கினு போய்ட்டே இருப்பேன்,” என்று கத்தினேன்.

அந்தப் பெண்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கோயில் கொட்டகையிலிருந்து அம்மன் தேர் வடத்தை எடுத்துவரச் சொன்னாள். நான் புளியமரத்தில் கட்டுவார்கள் என்று நினைத்தேன். அவள் வடத்தைக் கிணற்று விளிம்பில் இருந்த கவலையின் மர உருளை மேல் போட்டு, நுனியைக் கிணற்றுக்குள் விட்டாள். கீழே இருந்த புருஷனிடம் பட்டையோடு சேர்த்துக் கட்டச் சொன்னாள். அவன் கட்டினான். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஊரே கவலைச் சரிவில் வரிசையாக நின்றது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. போகட்டும், கம்பியை விட்டார்களே, அது போதும் என்று லீவரைத் தள்ளினேன்.

ஊரே சேர்ந்து இழுத்தும் அசையாத கால்களை என் வண்டி சேற்றிலிருந்து பிடுங்கியது. அதைச் சொல்லத்தான் வேண்டும். மாடு தொங்கிக்கொண்டு மேலே வந்தது. அது ஏற ஏற, சரிவில் இருந்தவர்களும் வடத்தைத் தளரவிடாமல் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். கொம்பு தெரிந்தது, திமில் தெரிந்தது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லில் மாட்டின் பின்தொடை மாட்டியது. நான் கவனிப்பதற்குள் எஞ்சின் ஓர் இழுப்பு இழுத்துவிட்டது.

லாரியின் உருளையையும் அதைச் சுழற்றும் பல்சக்கரத்தையும் சேர்ப்பது ஒரு பித்தளை ஆணி. பாரம் மிஞ்சினால் ஆணி முறிந்து பல்சக்கரம் பிழைக்கட்டும் என்றுதான் அதைப் பித்தளையில் செய்திருந்தார்கள். அது முறிந்தது. உருளை பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. அதை நிறுத்த ஒரு பிரேக் பட்டை உண்டு. பாய்ந்து அதன் பிடியை முழுப் பலத்தோடு இழுத்தேன். குடம் குடமாக ஊற்றிய தண்ணீரில் பட்டை ஊறிக் கிடந்தது. பிடிக்கவில்லை, வழுக்கியது. என் கண்ணெதிரே கம்பி கிணற்றுக்குள் ஓடியது. மாட்டுக்கு நேர் கீழே தண்ணீரில் அந்த மனிதன். ஆண்டவரே என்றதுதான் நினைவிருக்கிறது.

கம்பி ஓடுவது நின்றது. நான் நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தேன். சரிவில் இருந்தவர்கள் எல்லோரும் குதிகாலை மண்ணில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, ஏறக்குறைய உட்கார்ந்தே விட்டிருந்தார்கள். வடம் விறைத்து நின்றது. மாடு கல்லை விட்டு விலகி அதில் தொங்கியது. எல்லோருக்கும் முன்னால் வடத்தைப் பிடித்திருந்தவள் அவள்தான். மாற்று ஆணியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்தேன். முறிந்த துண்டு அடைத்துக்கொண்டிருந்ததில் ஆணி துளையில் நுழையவில்லை. நுழைத்து முடிக்கும் முன்பே, தேர் இழுக்கிற சத்தத்தோடு அவர்கள் சரிவில் கீழே இறங்கத் தொடங்கியிருந்தார்கள், அந்த மாடு தினமும் நடந்த அதே தடத்தில். மாடு விளிம்பைத் தாண்டிச் சேற்றில் பக்கவாட்டில் விழுந்தது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு எழுந்து நின்றது.

அந்த மனிதன் கல்படியைப் பிடித்து ஏறி வந்தான். உதடு நீலமாகியிருந்தது. கீழே இருந்தவனுக்கு மேலே நடந்தது எதுவும் தெரியாது. நேராக வந்து லாரியைத் தொட்டுக் கும்பிட்டான். எனக்கு உடம்பு கூசியது. நடுவில் வண்டி ஏன் நின்றது என்று கேட்டான்.

உள்ளங்கை தோலுரிந்து ரத்தம் கசிய நின்ற அவன் பெண்டாட்டி சொன்னாள்: “வண்டிதான் நின்னுது. நாங்க நிக்கல.”

குத்தலாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு உறைத்தது. அவர்கள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

முசியே மறக்காமல் கேட்டார். மெஷின் நன்றாக வேலை செய்தது, ஆணி ஒன்று போயிற்று, என்றேன். மறுநாள் பெரிய மார்க்கெட் கயிற்றுக் கடையில் நல்ல வடமாக ஒன்று வாங்கி லாரியில் போட்டேன். எஞ்சின் இழுக்கும்போது கயிறு எதற்கு என்று அவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் கம்பியை அவிழ்க்கும் முன்பு அந்த வடத்தை இறக்கிக் கூடியிருப்பவர்களிடம் கொடுத்துவிடுவேன். எங்கேயாவது கட்டுங்கள் என்று அப்புறம் ஒருநாளும் சொன்னதில்லை. பாரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள், முடிச்சை நன்றாகப் போடுங்கள் என்பேன்.