சவரிமுத்து வண்டியின் தெர்மோஸ்டாட்

செம்பட்டி சவரிமுத்து போய்விட்டான். நேற்று காலை... நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே. இன்று சாயங்காலம் அடக்கம்.

தெரியாதவர்களுக்கு... அப்பா காலத்து டிராக்டரை இன்றைக்கும் உழவுக்கு ஓட்டிக்கொண்டிருந்த ஆள். எனக்கு மாப்ள. சொந்தம் கிடையாது, இருபது வருஷமாக என் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வந்து வந்து உண்டான முறை.

கதிரடிக்கும்போது தூசி போய் ரேடியேட்டரை அடைக்காமல் இருக்க, முன்னால் மெல்லிய பழஞ்சேலை ஒன்றைக் கட்டுவார்கள். இவன் ஒரு தடவை அவசரத்தில் கொடியில் கிடந்த புதுச்சேலையை வண்டிக்குக் கட்டி, சித்தையன்கோட்டைக்குக் கதிரடிக்கப் போய்விட்டான். அவன் மனைவி பிலோமினா மூன்று நாள் சோறு மட்டும் போட்டாளாம். வெஞ்சனம் இல்லை. அதை அவனே கடையில் சொல்லிச் சிரிப்பான்.

எங்களுக்குள் ஒரே சண்டை தெர்மோஸ்டாட்தான். என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் நிறுத்தி வைக்கிற சின்ன வால்வு. இங்கே வண்டி கொதித்தால் முதலில் அதைத்தான் கழற்றி எறிவார்கள்.

அவனும் எறிந்தான். "நம்ம ஊரு வெயிலுக்கு வண்டியச் சூடாக்க தனியா ஒரு சாமான் வேணுமா மாப்ள?" என்று கேட்டான்.

என்ஜினுக்கு வேண்டிய சூடு வராவிட்டால் டீசல் சரியாக எரியாது, புகை கக்கும், ஆயில் கெட்டுப்போகும் என்று பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். கடையில் நாலு பேர் நின்றார்கள்... எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஒனக்கெல்லாம் எதுக்குடா டிராக்டரு, ரெண்டு மாடு வாங்கிக் கட்டு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அதோடு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டான். இரண்டு வருஷம். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவான்.

நானும் போய்ப் பேசவில்லை. நியாயம் என் பக்கம்தானே என்று இருந்துவிட்டேன்...

நேற்று அவன் வீட்டு வாசலில் பந்தல் போட டிராக்டரை நகர்த்த வேண்டியிருந்தது. அவன் மகள் ஸ்டெல்லா சாவியை என் கையில் கொடுத்தாள்.

ஸ்டார்ட் செய்து செத்த நேரம் ஓடவிட்டேன். பழக்கதோஷம்... பானெட்டைத் திறந்து கை வைத்துப் பார்த்தேன். என்ஜின் சுட்டது. ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸில் மட்டும் சூடே ஏறவில்லை.

தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில் அப்படி இருக்காது. இரண்டும் சேர்ந்தேதான் சூடாகும்.

ஸ்டெல்லாவைக் கேட்டேன். போன வருஷமே புதுசு வாங்கி அவனே மாட்டினானாம். என் கடை அவன் வீட்டிலிருந்து நாலு தெரு. அவன் பஸ் ஏறித் திண்டுக்கல் போய் வாங்கியிருக்கிறான்.

"அப்பா ஒங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னாரு மாமா. கடையில வச்சுக் கேலி பண்ணுவீங்களாம்."

பண்ணியிருப்பேன். அதுதான் உண்மை. அழுகை வந்தது, சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்...

வண்டியை வேப்பமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். அதற்குள் டெம்பரேச்சர் முள், சரியான சூட்டைக் காட்டும் பச்சைக்கு வந்து அங்கேயே நின்றது. புகை இல்லை.

சுத்தமான வேலை மாப்ள. போயிட்டு வா.