டியூப்பை எழுதாமல் விட்டேன்

திண்டிவனத்தில் நானும் என் மனைவியும் வெல்டிங் பட்டறை நடத்துகிறோம். போன வருஷம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரிக்க ஒரு மெஷின் செய்தேன். மற்ற மெஷின்களில் பருப்பு உடைந்து விதைக்கு உதவாமல் போகும். என்னுடையதில் முழுசாக விழுந்தது. காரணம் பழைய லாரி டியூப். அதைப் பட்டையாக வெட்டி மெஷினுக்குள் சுழலும் உருளையின் கம்பிகளில் சுற்றியிருந்தேன்.

சுற்றும்போதெல்லாம் மனைவியை டீ வாங்க அனுப்பிவிடுவேன். நம்பிக்கை இல்லாமல் இல்லை. அவளுடைய அக்கா வீட்டுக்காரரும் விக்கிரவாண்டியில் பட்டறைதான் வைத்திருக்கிறார்!

மெஷினுக்குக் காப்புரிமை வாங்க முடிவு செய்தேன். விண்ணப்பத்துக்கு உதவிய சென்னை வக்கீல் அம்மா போனில் சொன்னார்: "உங்க விவரத்தைப் படிச்சு இன்னொரு பட்டறைக்காரர் இதே மெஷினைச் செய்ய முடியணும் சார். இல்லன்னா நிராகரிச்சிடுவாங்க. அப்புறம் புதுசா எதையும் சேர்க்கவும் முடியாது."

"எல்லாத்தையும் ஊருக்குச் சொல்லிட்டா அப்புறம் இன்னாத்துக்கு மேடம் காப்புரிமை?"

"சொல்றதுக்குப் பதிலாத்தான் இருபது வருஷ உரிமை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு பக்கம் எழுதினேன், போல்ட் நட் உட்பட. டியூப்பை மட்டும் விட்டுவிட்டேன். அழகாக எழுதித் தரச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன். அவள் வாசித்தாள். மூன்று நாள் அவளே இரும்பு வெட்டி, பற்றவைத்து, ஓர் உருளை செய்து ஓட்டினாள். பருப்பெல்லாம் நொறுங்கி விழுந்தது.

"இன்னா பண்ணி வெச்சிருக்க?" என்று கத்தினேன்.

"நீங்க எழுதினததான். ஒரு வரி மாத்தல. இத நம்பி எவன் நமக்கு உரிமை குடுப்பான்?"

பிறகு டியூப்பைப் பற்றிச் சொன்னேன்.

"அது ஆறு மாசமா தெரியும். டீயோட வரும்போது வாசல்ல நின்னு பாத்துட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

வெட்கமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நடுவில் பேனாவை நிறுத்தினாள்.

"மேல இறுக்கி, கீழ விரல் நுழையிற அளவு தளர்வா வுடுவீங்களே, அத சொல்லலியே?"

என் கை அப்படிச் செய்கிறது என்று எனக்கே தெரியாது. நம்பாமல், டியூப்பை எங்கும் ஒரே இறுக்கமாகச் சுற்றி ஓட்டினேன். பருப்பு உடைந்தது. அவள் சொன்னபடி தளர்த்தினேன். பருப்பு முழுசு முழுசாக விழுந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

விண்ணப்பம் போய்விட்டது, பதிலுக்குக் காத்திருக்கிறோம். கிடைக்கும் என்றுதான் மனசு சொல்கிறது. கண்டுபிடித்தவர் பெயர் கேட்ட இடத்தில் இரண்டு பெயர் எழுதினேன். முதல் பெயர் அவளுடையது.