சூசை கதையில் வந்த கத்தி

வங்காலை பெனடிக்ற் மூப்பருக்கு இரண்டு தொழில். கிழமை நாட்களில் கடல். சுவாமியார் வராத ஞாயிறுகளில் வேதம். பங்குச் சுவாமியார் ஊர் ஊராகப் போய்த் திரும்ப மாதம் ஒன்றாகும். அதுவரை செபம் சொல்லி, வேதாகமத்திலிருந்து ஒரு கதையும் சொல்லிச் சனத்தை வீட்டுக்கு அனுப்புவது மூப்பர் பொறுப்பு. ஒரேயொரு குறை, அவர் வேதாகமத்தைக் கண்ணால் கண்டதில்லை. தமிழில் முழுதாக இருந்தது புரட்டஸ்தாந்துக்காரரின் புத்தகம். அதைத் தொடக்கூடாது என்று கட்டளை. ஆகவே அவரிடம் இருந்ததெல்லாம் பிரசங்கத்தில் கேட்டது, கூத்தில் கேட்டது, காற்றுவாக்கில் காதில் விழுந்தது.

நோன்பு இருக்கும் தபசு காலம் வந்தால் சூசையின் கதைதான். அண்ணன்மார் விற்று, எகிப்துக்கு அடிமையாய்ப் போன பழைய ஏற்பாட்டுச் சூசை. எசமானின் மனைவி அவன்மேல் ஆசைப்பட்டதை ஊர்ப் பெண்கள் பழித்தார்களாம். அவள் அவர்களை விருந்துக்கு அழைத்து, ஆளுக்கொரு பழமும் கத்தியும் கொடுத்துவிட்டு, சூசையை உள்ளே வரச் சொன்னாளாம். அவன் அழகில் வாய்பிளந்து, பழத்தை வெட்டுகிறோமென்று எல்லோரும் கையை வெட்டிக்கொண்டார்களாம். இந்த இடத்தில் மூப்பர் தன் விரலைப் பிடித்துக்கொண்டு துள்ளுவார். கோவிலே சிரிக்கும்.

விக்ரோறியா இராணி செத்து இரண்டாம் வருடம், பிரான்சிலிருந்து வந்த புதுச் சுவாமியார் ஒரு ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் வந்து கடைசி வாங்கில் இருந்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

"கத்தி எங்கிருந்து வந்தது?" என்று பிறகு கேட்டார்.

"கதையிலதான், சுவாமி."

"வேதாகமத்தில் கத்தி இல்லை. அது முகம்மதியரின் வேதத்தில் உள்ளது."

மூப்பர், பிடித்துத் துள்ளிய விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சுவாமியார் பொல்லாதவர் அல்லர். நான்கு பின்னேரம் மூப்பரைத் தான் தங்கும் அறைவீட்டில் இருத்தி, இலத்தீன் வேதாகமத்தை விரித்து, சூசையின் சரித்திரத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னார். மூப்பருக்கு வெட்கம் ஒரு பக்கம், கதைப் பசி ஒரு பக்கம். தானிய மூட்டைக்குள் ஒளித்த வெள்ளிக் கிண்ணம் அவருக்குப் புதிது. பஞ்சத்துக்குத் தானியம் வாங்க வந்த அண்ணன்மாருக்குத் தான் யாரென்று சொல்லுமுன், அங்கே பெரிய அதிகாரியாகிவிட்ட சூசை எகிப்தியர் எல்லோரையும் வெளியே அனுப்பியதும் புதிது.

"ஏன், சுவாமி, வெளியில போகச் சொன்னவர்?"

"அண்ணன்மார் செய்த குற்றம் அந்நியர் காதில் விழக்கூடாதென்று இருக்கலாம்."

மூப்பர் அந்த இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

நாலாம் நாள் சுவாமியார் புத்தகத்தை மூடினார். "ஞாயிறு சனத்தின் முன் உண்மையைச் சொல்லும். எந்த முகம்மதியர் சொல்லித் தந்தார் என்பதையும் சொல்லும்."

எருக்கலம்பிட்டிக் கலந்தரைத் தவிர வேறு யார்? கருவாடு வாங்க வருகிற மனுசன். சோழகக் காற்றுப் பிடித்து வள்ளம் இறக்க ஏலாத நாட்களில் இருவரும் கரையில் இருந்து கதை மாற்றிக்கொள்வார்கள். சூசையும் யூசுப் நபியும் ஒரே ஆள் என்று கண்டபோது இருவருக்கும் சந்தோசத்தில் அப்படியொரு புளுகம். எது எந்த வேதம் என்று அப்போது யார் பிரித்துப் பார்த்தது? ஆனால் கருவாட்டு வியாபாரத்தைத் தாங்களே பிடிக்க ஊரில் இரண்டு பேர் கலந்தரை விரட்டச் சாட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். கோவிலுக்குள் சோனகக் கதையைப் புகுத்தினான் என்றால் போதும், அவர் பிறகு வங்காலையில் கால் வைக்க முடியாது.

ஞாயிறு மூப்பர் எழும்பி நின்றார். "கத்தியும் பழமும் வேதத்தில இல்லை. ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. ருசியா இருக்கட்டுமெண்டு நான்தான் சேர்த்தனான்."

"வேதத்தில் கைவைத்தவர் ஒரு வருடம் இங்கே வாய் திறக்க வேண்டாம்" என்றார் சுவாமியார்.

நேற்றுவரை சிரித்த சனம் அவருக்கு வழிவிட்டு விலகி நின்றது. மனைவியைப் புதைத்த அன்று அழாத மனுசன், கோவில் படியிறங்கும்போது அழுதார்.

சனிக்கிழமை பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்.

"கோவிலில பொய் சொன்னனான், சுவாமி. கத்தி என்ர இல்லை. கலந்தர் சொன்னது."

"பிறகேன் உம்மேல் போட்டுக்கொண்டீர்?"

"சூசை எல்லாரையும் வெளியில அனுப்பிப்போட்டுத்தானே கதைச்சவர். எனக்குச் சனத்தை வெளியில அனுப்ப ஏலாது, சுவாமி."

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்ல முடியாது. சொல்லாமல், கொடுத்த தண்டனையை மாற்றவும் முடியாது. சுவாமியார் பாவத்துக்கு அபராதம் விதித்தார். "சனிக்கிழமைதோறும் அறைவீட்டுக்கு வாரும். ஆதியாகமம் முதல் வரியிலிருந்து தொடங்குவோம்."

அடுத்த சோழகத்தில் கலந்தர் வந்தார். "என்ன மூப்பர், இப்ப கோவிலில கதை சொல்லுறேல்லையாம்?"

"ஓம் நானா. வேதம் படிக்கிறன்."

"இவ்வளவு காலமும் சொல்லிப்போட்டு இப்பதான் படிப்போ!" கலந்தர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மூப்பரும் சிரித்தார். "அந்தப் பொம்பிளையள் கையை வெட்டின இடம், நானா. அதை ஒருக்காச் சொல்லுங்கோ."

கலந்தர் சொன்னார். அது யாருடைய வேதம் என்று தெரிந்துகொண்டே, மூப்பர் முழுவதையும் கேட்டார்.